நிலைப்படியில் பட்ட பந்து

அண்ணா,

இன்று காலை அலமாரியில் ஒரு புத்தகத்துக்காகக் கை நீட்டியபோது நனைந்த தோலின் வாசனை வந்தது. பதுளையில் மழை பெய்து பல வாரங்களாகின்றன. புத்தகங்கள் காய்ந்துதான் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் வைத்திருக்கும் உன் பந்து மட்டும் ஈரமாக இருந்தது, யாரோ அப்போதுதான் புல்லிலிருந்து எடுத்து வந்ததுபோல.

அது இந்த வீட்டுக்குள் இருக்கிறது என்றால் நீ நம்பமாட்டாய்.

நம் கடையிலிருந்து வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்புக்கு அரிசி பருப்பு கொண்டுபோன ஒரு நாளில்தான் எல்லாம் தொடங்கியது. மட்டை பிடித்துக் கிரிக்கெட் பழகிக்கொண்டிருந்த ஒரு துரை அடித்த பந்து உன் காலடியில் வந்து நின்றது. எடுத்து வீசினாய். அவருக்குப் பின்னால் நட்டிருந்த மூன்று குச்சிகளில் நடுக்குச்சி பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அடுத்த வாரமே கிளப்பில் சம்பளத்துக்குப் பந்து போடும் ஆள் ஆகிவிட்டாய். பிறகு வெளியூர் ஆட்டங்களுக்கும் உன்னைக் கூட்டிப் போனார்கள். கண்டி, நுவரெலியா, ஒரு தடவை கொழும்பு. நீதான் ஆட்களை வீழ்த்துவாய். தேநீர் நேரத்தில் மற்றவர்கள் விறாந்தையில் ஏறிவிட, நீ படிக்குக் கீழே நின்று குடிப்பாயாம். சாமான் கட்டக் கடைக்கு வரும் இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்து உன் பெயரைத் தேடுவேன். ‘கிளப் பந்துக்காரன்’ என்று மட்டும் போட்டிருக்கும்.

“அது நாந்தான் பாப்பா. வேற எவன்?” என்று சிரிப்பாய்.

வீட்டுப் படியும் உனக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் நீயேதான். சின்ன வயதிலிருந்து மரப்பந்தை வைத்துக்கொண்டு முற்றத்திலிருந்து நீ குறிபார்த்தது பின்வாசல் நிலைப்படியை. பலாமரப் படியின் வெளிப்புறம் முழுக்க நீ போட்ட வடுக்கள். அப்பா ஏசுவார், மறந்துவிடுவார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த ஈரம் காயுமுன் கிளப்பின் தோல்பந்து வந்து அதில் அடித்தது.

“மாட்டுத் தோலக் கொண்டாந்து லெச்சுமி மேல அடிக்கிறியா? அந்தக் கருமத்த வச்சுக்கிட்டு இந்தப் படியத் தாண்டாத!” என்று அப்பா கத்தினார்.

“அப்ப நான் தாண்டலப்பா” என்றாய்.

அவ்வளவுதான். கிளப் மைதானத்து ஓரக் கொட்டகையில் குடியேறினாய். ஞாயிறு மத்தியானம் வந்து முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாய். பந்து மடியில் இருக்கும்.

“அத அந்தக் கல்லு மேல வச்சுட்டு, உள்ள வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போடா ராசா” என்று அம்மா கேட்பாள்.

“அது பாவம்மா. அதுக்கு மட்டும் வெளிய எல போடுவியா?”

அவள் சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அவள் கேட்டதெல்லாம், ஒரே ஒரு வேளை நீ வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான்.

உன் ஆட்டத்தை நானும் அம்மாவும் ஒரு முறைதான் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்லக்கூடாது. அப்புத்தளையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, மைதானத்துக்கு மேலே ரோட்டில் வண்டிக்கார முத்தையா மாட்டை நிறுத்தினார். கூண்டுத் திரையை விலக்கினேன். கீழே மைதானமே இல்லை. மூடுபனி ஏறி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. தூறலும் இருந்தது. ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பனிக்குள்ளிருந்து விரைந்த காலடிகள் கேட்டன. கடைசியில் உன் வலது கால் தரையை நீளமாக உரசும் அந்தச் சத்தம். அப்புறம் மூச்சுக்கூடக் கேட்காத ஒரு வெறுமை. அப்புறம் குச்சிகள் சிதறின.

“எம்புள்ள காலுடி” என்றாள் அம்மா.

முத்தையா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “தொரைக்கு மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சுங்கம்மா. ஆளே இல்லாம பந்து வருதுங்கிறாரு. இனிமே சின்ன மொதலாளிக்கு வேப்பிலை கட்டித்தான் கூட்டியாரணும் போல.”

நாங்கள் சிரித்தோம். அன்று நனைந்ததில்தான் உனக்குக் காய்ச்சல் பிடித்தது.

நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று கேட்டதும் அப்பாவே வண்டி அனுப்பினார். முற்றத்தில் இறங்கி, முத்தையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பா பின்வாசலில் நின்றார்.

“உள்ள வா.”

“பந்தோடயாப்பா?”

அப்பா வாயைத் திறந்தார். பார்வை நிலைப்படிக்குப் போனது. கண் சிமிட்டும் நேரம்தான் அது. நீ தலையை ஆட்டிவிட்டு வண்டிக் கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டாய். அதற்குப் பிறகு அவர் எத்தனை கெஞ்சியும் நீ வரவில்லை. மறுநாள் மத்தியானம், அந்தக் கொட்டகை வைக்கோல் மேலேயே போய்விட்டாய். வெளியே உயிர் பிரிந்தவரை உள்ளே எடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அங்கிருந்தே தூக்கிப் போனார்கள்.

பதினாறாம் நாள், பின்வாசலை ஒட்டிய பின்கட்டு அறையில்தான் படைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னாள். நீ வந்து பழகிய வாசல் அதுதானாம். இலை போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். பிறகு மடியிலிருந்து பந்தை எடுத்து இலையோரம் வைத்தாள். அப்பா பார்த்தார். நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்தில் நின்றோம். உச்சி வெயிலில் காக்கைகூடக் கத்தவில்லை.

உள்ளே காலடிகள் கேட்டன. மெழுகிய தரையில் ஒரு நீளமான உரசல். அப்புறம் அந்த வெறுமை.

கதவின் அடியில் ‘டொக்’கென்று வந்து மோதியது.

முத்தையா இரண்டு கைகளையும் குவித்தார். அப்பாதான் கதவைத் திறந்தார். இலை அப்படியே இருந்தது. நிலைப்படியை ஒட்டி, அறைக்குள்ளே பந்து கிடந்தது.

“படிகிட்ட நின்னே பந்த இழுத்துக்கிட்டான் பாரு” என்றார் அப்பா. “இப்பவும் அவன் தாண்டல.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “வரலையா? எம்புள்ள இன்னைக்கும் உள்ள வரலையா?”

நான் குனிந்து பந்தை எடுத்தேன். நெடுநேரம் உள்ளங்கையில் இருந்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் அதைக் கண்டேன். உன் பழைய வடுக்கள் எல்லாம் படியின் வெளிப்புறத்தில். உட்புறம் எப்போதும் வழவழப்பாகத்தான் இருக்கும், நாள்தோறும் துடைக்கிறவள் நான். அங்கே, அன்று புதிதாக ஒரு குழி. அதன் ஓரத்தில் பந்தின் சிவப்பு ஒட்டியிருந்தது.

வெளியே நின்று யாரும் அந்த இடத்தில் அடிக்க முடியாது, அண்ணா.

அம்மாவின் கையைப் பிடித்து அவள் விரலை அந்தக் குழியில் வைத்தேன். தடவிப் பார்த்தாள். மறுபடி தடவினாள். பிறகு எழுந்து, ஆறிப்போன சோற்றின் மேல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசும்போது அந்தக் குழியை மட்டும் விட்டுவிட்டுப் பூசுகிறேன். அப்பா அதைப் பற்றிக் கேட்டதில்லை. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் போகிறார், வருகிறார்.

இன்று காலை, ஈரத்தை என் முந்தானையால் துடைத்தேன். தையலில் ஒரு புல் ஒட்டியிருந்தது. அதை எடுக்கவில்லை. பந்தை மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன்.