இரவல் பிள்ளைகள்

இன்று காலை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். ஈரம் காயாத சுண்ணாம்பு வாடை. பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று நேற்று அவசரமாக அடித்த வெள்ளை. இப்போது அந்த இன்ஸ்பெக்டர் நான். உடனே உன் ஞாபகம்.

திருவாதவூர்ப் பக்கத்தில் நம் ஓட்டுக்கூரைப் பள்ளி. நீ தலைமை ஆசிரியன். பி.ஏ. முடித்தும் வேலை கிடைக்காமல் வந்து சேர்ந்த நான் உதவி ஆசிரியன். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். தலை எண்ணுவார், வாசிக்கச் சொல்வார். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் மானியம். மானியம் நின்றால் பள்ளியும் நின்றுவிடும்.

அந்த வருஷம் அவர் வந்தது கடலை பிடுங்கும் சமயம். பாதிப் பிள்ளைகள் கடலைக்காட்டில். பள்ளி மேனேஜர் அடுத்த ஊர்ப் பள்ளியில் பேசி வைத்துவிட்டார். அந்த வட்டாரத்து வழக்கம் அது. நமக்குச் சோதனை என்றால் அவர்கள் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு என்றால் நம் பிள்ளைகள் போவார்கள்.

"வேணாம்ணே," என்றாய்.

"பள்ளிக்கூடத்த மூடிப்புட்டு எங்கடா போவ? சும்மா கெட," என்றார் மேனேஜர்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரிக்கும்வரை.

"போன வாரம் எங்க ஊருக்கு வந்தீகள்ல சார்? பாட்டுப் பாடுனேன்ல. மறுபடி பாடவா?"

மேனேஜர் இருமினார். நீ எழுந்தாய்.

"இதுக இரவல் பிள்ளைக சார். எங்க பிள்ளைக கடலைக்காட்டுல நிக்கிதுக. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பிறகு சிறுமியிடம், "பாடும்மா," என்றார். முழுதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

காட்டில் நல்ல வெயில். அவர் பூட்ஸில் செம்மண் அப்பியது.

"பாடம் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? வந்ததுக்கு ரெண்டு செடி பிடுங்குங்க சார்," என்றாள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒருத்தி. காடே சிரித்தது.

இன்ஸ்பெக்டர் அங்கேயே பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வாசிப்பு திக்கியது. நீ எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஆடு மேய்க்கப் போயிருவான் சார். வந்த நாளுக்குப் படிச்சது அம்புட்டுத்தான்."

தரம் போதாது என்றே எழுதினார். மானியத்தை நிறுத்தாமல் ஒரு வருஷ அவகாசமும் கொடுத்தார். திரும்பும் வழியில் நான் இடிந்துபோயிருந்தேன். நீ சொன்னாய்: "மாப்ள, இன்னைக்குத்தான்டா நம்ம பள்ளிக்கூடத்த ஒருத்தர் பாத்துருக்காரு."

அந்த அவகாசம் முடியுமுன் ஊருக்குள் காலரா வந்தது. உன்னைக் கொண்டுபோயிற்று.

மறு சோதனையில் நான் தனியாக நின்றேன். அந்தப் பையன் வாசித்தான். மெதுவாக, விரல் வைத்து. மானியம் நிலைத்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வெளியே வந்தேன். அப்புறம்தான் உறைத்தது.

பள்ளியை அளக்கத் துறை எனக்குத் தந்த அளவுகோல்கள் பல. உன்னிடமிருந்து வந்தது ஒரு கேள்விதான். வராத பிள்ளைகள் எங்கே? எல்லாப் பள்ளியிலும் கேட்கிறேன். இன்று காலை கேட்டதும் அந்தப் பள்ளி வாத்தியார் வருகைப் பதிவேட்டை அவசரமாக மூடினார். பயமில்லாமல் பதில் சொல்லும்படி கேட்க எனக்கு இன்னும் வரவில்லை.