சரியான விடைக்குப் பிறகு

மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றிப் பைக்குள் போடப் போனவள், எதற்கோ ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். சுக்கு வாசனை. இத்தனை நாள் கழித்தும் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலி செய்ய வந்த அறையில் ஒரு சாமானும் நகரவில்லை.

ஆமாம், நம் அறையைக் காலி செய்கிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்கு மேலே, நான்கு சுவரிலும் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு நாம் வெந்துகொண்டிருந்தோமே, அதே புழுக்க அறை. இனி இங்கே யாரும் எதையும் பதிவு செய்யப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நம் தொழிலை நாம் யாருக்கும் விளக்கி ஜெயித்ததில்லை. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். உன் அம்மா தெருவில் எல்லோரிடமும் "கம்ப்யூட்டருக்குள்ள டீச்சரா இருக்கா" என்று சொல்லிவைத்திருந்தார். நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவோ, "பாடம் நடத்துறாளாம், பிள்ளைகளைத்தான் காணோம்" என்பார். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேலையைப் பற்றிக் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "ஓட்டல்காரங்களுக்குக் கை கழுவச் சொல்லிக் குடுக்கறேன்." வந்தவர்களில் ஒருத்தர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டாய்.

நீ பாடத்தை எழுதுவாய், நீயே பேசவும் செய்வாய். படம், பட்டன், கேள்வி எல்லாவற்றையும் கோத்துப் போனில் ஓடவைப்பது என் பாடு. எர்ணாகுளத்தில் ஓட்டல் அடுக்களையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் தமிழ் ஆட்களுக்குத்தான் நம் பாடமெல்லாம். சாரத்தில் ஏறும்போது பெல்ட் போடுவது, மீன் வெட்டிய பலகையில் காய் நறுக்காமல் இருப்பது. எழுத்தைக் குறைத்துக் குரலைக் கூட்டினோம். இங்கேயே பிறந்தவர்களுக்கு மலையாளம் வாசிக்க வரும் அளவுக்குத் தமிழ் வராது என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் நாமே அப்படித்தான். உன் தமிழ்ப் பாடத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மைக் முன்னால் படித்தவள் நீ. வாடிக்கையாளர் யாராவது மேலே வந்தால் தாளைக் கவிழ்த்துவிடுவாய்.

பதிவு நாள் என்றால் பாதி நாள் காத்திருப்பில் போகும். கீழே லாரி வந்தால் நிறுத்து, கைவண்டி உருண்டால் நிறுத்து, பாங்கு சொன்னால் நிறுத்து. நீ மாடிப்படியில் போய் நின்று, "சேட்டா, ஒரு அஞ்சு மினிட் ப்ளீஸ்" என்று கெஞ்சுவாய். "சாக்கு தலையில் வச்சு நில்க்கணோ மோளே?" என்று, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டே நிற்கணுமா என்று, கீழே மூட்டை சுமக்கிறவர்களிடமிருந்து பதில் வரும். ஆனாலும் நிறுத்துவார்கள். உன் முகராசி அது. நான் போய்க் கேட்டபோது ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

அப்புறம் அந்த அரை நிமிடம். பேசத் தொடங்கும் முன் தினமும் யாரும் பேசாத வெறும் அறையைப் பதிவு செய்வாய். உன் பேச்சின் நடுவே ஓர் இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடம் பள்ளமாகக் கேட்கும். அங்கே சுத்தமான அமைதியை வைத்தால் போன் கெட்டுவிட்டதோ என்று கேட்கிறவர் நினைப்பார். அதனால் அதே அறையின் அமைதியை எடுத்து ஒட்டுப் போட வேண்டும், கிழிந்த சேலைக்கு அதே சேலையின் ஓரத்தை வெட்டித் தைப்பது போல. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். நீ அடக்க மாட்டாய். கேட்டால், "ஆளுள்ள ரூமுக்கு மூச்சும் இருக்கும்டீ" என்பாய்.

தப்பான விடையை அழுத்தினால் என்ன சத்தம் வர வேண்டும் என்பதில் எல்லோரிடமும் சண்டை போட்டாய். மற்ற இடங்களில் 'தவறு' என்று ஒரு குரல் வரும், கூடவே ஒரு கரகரப்பு. "நாள் பூரா முதலாளிகிட்ட ஏச்சு வாங்கிட்டு வந்தவனை நாமளும் ஏசணுமா? போனைத் தூக்கிப் போட்டுட்டுப் படுத்துருவான்" என்றாய். நீ பதிவு செய்தது இது: "பரவாயில்ல, இன்னொரு தடவை பாப்போம்." ஒரே ஒரு தடவைதான் பேசினாய். நம் எல்லாப் பாடத்திலும் அதையேதான் வைத்தேன். 'பாப்போம்' என்பதில் குரல் லேசாக மேலே ஏறும்.

வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் ஒரு டிரஸ்ட் நம்மைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். தமிழ்க் குடும்பங்களுக்குப் போனிலேயே சொல்லித்தர வேண்டும். எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, வாயை எப்படித் துடைப்பது, வலி மாத்திரையை ஏன் நேரம் தவறாமல் கொடுப்பது. அதில் ஒரு பாடம், நோயாளி 'நான் பிழைப்பேனா?' என்று கேட்டால் என்ன சொல்வது என்பது. அதற்குக் கேள்வியும் மதிப்பெண்ணும் வைக்கவே கூடாது என்று குதித்தாய். "சாகக் கிடக்கறவங்ககிட்ட பேசறதுக்கு மார்க் போடுவியா நீ?" எல்லாப் பாடத்துக்கும் கேள்வி வேண்டும் என்று டிரஸ்டில் பிடிவாதமாக இருந்தார்கள். கடைசியில் மூன்று விடை எழுதிக் கொடுத்தாய். 'உனக்கு ஒன்றுமில்லை, எழுந்து நடப்பாய்' என்று சொல்வது முதலாவது. 'டாக்டரிடம் கேட்டுக்கொள்' என்பது இரண்டாவது. 'உனக்கு என்ன தோன்றுகிறது?' என்று அவரிடமே திருப்பிக் கேட்பது மூன்றாவது. மூன்றாவதை அழுத்தினால் பச்சை டிக், கைதட்டல் சத்தம், நெக்ஸ்ட் பட்டன். அடுத்த பாடம் படுக்கைப் புண். நன்றாக வந்துவிட்டது என்று நாமே மெச்சிக்கொண்டு கீழே போய்ச் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம்.

வயிற்று வலி என்று நீ சொன்னபோது கேஸ் என்றேன். எல்லோரும் அதைத்தான் சொன்னோம். கணையம் என்று தெரியும்போது வெட்டி எடுக்கிற நிலையெல்லாம் தாண்டிப்போயிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் உன் வீட்டுக்காரரிடம் தணிந்த குரலில் சொன்னார். பிராட்வே கடைத்தெருவில் நாள் முழுக்கக் கத்தித் துணி விற்கிற மனுஷன், அதே தணிந்த குரலில் பில் கட்டும் இடத்தைக் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு உன்னிடம், "ரிப்போர்ட் நல்லாருக்காம்" என்றார். உன் அம்மாவும் ஆமாம் என்றார். நீ இருவருக்கும் தலையாட்டினாய். உன் பாடத்தின் முதல் விடையை உன் வீட்டிலேயே மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய்க்கு மேல் வேண்டாமென்று கையைக் காட்டினாய். அப்புறம் கேட்டாய்.

"எடீ, நான் பிழைப்பேனா?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த ஸ்கிரீனைச் செய்தவள் நான். எதை அழுத்தினால் டிக் விழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வாயில் வந்தது, "உனக்கு ஒண்ணும் இல்லடீ. ஓணத்துக்கு நீதான் பாயசம் கிளறப் போறே."

நீ கண்ணை மூடித் திறந்தாய். குரலில் காற்றுதான் இருந்தது.

"பரவாயில்ல. இன்னொரு தடவை பாப்போம்."

அந்த 'பாப்போம்' அப்படியே மேலே ஏறியது. எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. நீயும் சிரித்தாய். சிரித்ததில் வலி எடுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். வலி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"உனக்கு என்னடீ தோணுது?"

"பயமா இருக்கு" என்றாய். "ரொம்பப் பயமா இருக்குடீ. அம்மா மூஞ்சியைப் பாத்தா சொல்ல முடியல. அவர்கிட்டயும் முடியல. ராத்திரி ஆனாலே பயமா இருக்கு."

நாம் எழுதியது அதோடு முடிந்துவிட்டது. அங்கே டிக் எதுவும் விழவில்லை, யாரும் கைதட்டவில்லை. அடுத்தது படுக்கைப் புண், அவ்வளவுதான். சரியான விடையைச் சொல்லிவிட்டவள் அந்தக் கட்டில் பக்கத்தில் அப்புறம் என்ன செய்வாள் என்று நாம் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எழுதிய இரண்டு பேர், பாடம் தொடங்குகிற இடத்தில் முடித்துவைத்திருக்கிறோம். எனக்கு உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"தண்ணி தரட்டா?" என்றேன்.

"வேண்டாம். நீ சும்மா இரு."

இருந்தேன். உன் பாதம் இரண்டையும் என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். உன் மூச்சு வந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா பையோடு படியேறுகிற சத்தம் கேட்டபோது நீ சொன்னாய்.

"அந்த ஸ்கிரீனை மாத்திருடீ."

"என்ன வைக்கட்டும்?"

"தெரியல. நெக்ஸ்ட் மட்டும் வைக்காதே."

நீ போன காலையைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுத வராது.

இப்போது டிரஸ்டில் பாடங்களைப் புதுப்பிக்கிறார்கள். மருந்து மாறுகிறது, முறை மாறுகிறது, அடிக்கடி வரியை மாற்ற வேண்டியிருக்கிறது. உன் குரலில் புதுவரி சேர்க்க முடியாது. ஒரு வரி உன் குரல், மறு வரி இன்னொருத்தர் குரல் என்றால் படிக்கிறவர்கள் குழம்புவார்கள். அதனால் எல்லாமே கம்ப்யூட்டர் குரல். நான் சண்டை போட்டேன், தோற்றேன். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை, என் ஆத்திரமே அதுதான். அந்தக் குரலுக்கு இருமல் வராது, லாரி வந்தால் நிறுத்த வேண்டியதில்லை, உன் மலையாள வாடை துளியும் கிடையாது. அதுவும் 'பரவாயில்லை' என்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அதை வைத்தவள் நான்தான். உன்னுடையதெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

அந்த ஸ்கிரீனை மாற்றிவிட்டேன். மூன்றாவது விடையை அழுத்தினால் இப்போது டிக்கும் இல்லை, கைதட்டலும் இல்லை. படத்தில் இருக்கும் நோயாளி, 'பயமாக இருக்கிறது' என்று சொல்வார். அதற்குப் பிறகு அரை நிமிடத்துக்கு எந்தப் பட்டனும் வராது. அந்த அரை நிமிடத்தில், நீ பதிவு செய்து வைத்த வெறும் அறை ஓடுகிறது. குரலையெல்லாம் மாற்றச் சொன்னார்கள். இது குரல் இல்லையே, யாரும் கண்டுகொள்ளவில்லை.

முந்தாநாள் டிரஸ்டில் பாடத்தைச் சோதித்துப் பார்க்கும் பெண் போன் செய்தார்.

"மேடம், அந்தக் கேள்விக்கு அப்புறம் ஆடியோ வரல. நெக்ஸ்டும் வரல. மாட்டிக்குது போல."

"மாட்டல. ஹெட்போன் போட்டுக் கேளுங்க" என்றேன்.

கேட்டார். நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு, மேடம்."

"ஆமா."

"பேஷண்டா?"

"இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க."

அப்படியே இருக்கட்டும் என்று நேற்று டிரஸ்டிலிருந்து எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பஞ்சு உறையை மட்டும் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கம்பளிகளை இறக்கி மடித்தேன். கிளம்பும் முன் உன் நாற்காலிக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மூச்சை அடக்கவில்லை. உன் கட்டிலருகே உட்கார்ந்த அந்த மத்தியானத்திலிருந்து எனக்கு அடக்க வருவதில்லை. கீழே லாரி வந்து நின்றது. சாக்குகள் தொப்தொப்பென்று விழுந்தன. நிறுத்தச் சொல்லிப் படியில் யாரும் போய் நிற்கவில்லை.