கார் வாசலில் இல்லை, தேடாதீர்கள்

ஏங்க,

கார் திருட்டுப் போகவில்லை. உங்கள் அக்காவை அழைத்துவர ஸ்டேஷனுக்கு நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். பின்சக்கரம் இரண்டுக்கும் பிரேக் டிஸ்க், பேடு எல்லாம் மாற்றியாயிற்று. நானேதான் மாற்றினேன். தெருமுனை வரை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், மிதித்த இடத்தில் நிற்கிறது.

புதுப் பேடு நுழைய இடம் விடாமல் துருத்திக்கொண்டிருந்த பிஸ்டனை நேற்று முழுக்க அழுத்தி அழுத்திக் கையை நசுக்கிக்கொண்டீர்களே? "இது உருப்படாது, காயலான் கடைக்குப் போடு. உனக்கென்ன தெரியும், சும்மா இரு"ன்னு என்மேல் பாய்ந்தீர்களே? பின்சக்கரப் பிஸ்டனை அழுத்தக் கூடாதுங்க, திருக வேண்டும். இடுக்கியால் பிடித்துத் திருகினேன். சமர்த்தாக உள்ளே போய்விட்டது.

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில். கிரீஸ் துடைத்ததில் உங்கள் நீலச் சட்டை போயே போய்விட்டது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

விரலுக்கு மருந்து போடுங்கள்.

பி.கு.: எனக்கு எப்படித் தெரிந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அழுத்தினால் இம்மியும் அசையாது, பக்குவமாகத் திருப்பினால் தானாக வழிக்கு வரும். இருபத்திரண்டு வருஷமாக உங்களோடுதானே குடித்தனம் நடத்துகிறேன்.