மூன்றாவது வயர்

மச்சான்,

இன்று காலை படகு முதலாளியான சம்மாட்டி, வேறு கடையில் பூட்டிய ஒரு எலெக்ட்ரோனிக் போர்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றியதும் கருகிய சிப்பின் மணம் குப்பென்று வந்தது. அதே மணம். எழும்பி வெளியே போய்த் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கண்மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அவருடைய பழைய படகு உனக்கு ஞாபகம் இருக்கும். என் கடையில் நாம் சேர்ந்து வேலை செய்த காலம். இயந்திரம் சூடானால் மேலே சுக்கான் அறையில் மணி அடிக்க வேண்டும். கீழே ஒரு போர்டு, மேலே ஒரு போர்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பற்றரி. இடையில் முறுக்கிய சோடி வயரை இழுத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். நீ விடவில்லை.

"ரெண்டு வயர் காணாது. ரெண்டு பற்றரியின்ர நெகட்டிவையும் சேத்து இன்னொண்டு இழு."

"மேல் போர்டு ரெண்டு வயருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே பாக்குது. பிறகு கிரவுண்ட் வயர் என்னத்துக்கு?"

"வித்தியாசம் சரிதான். ஆனா பூச்சியம் வோல்ட் எங்க எண்டு ரெண்டு போர்டுக்கும் ஒரேமாதிரித் தெரியோணும். பெரிய மோட்டர் இழுக்கேக்க ஒண்டின்ர பூச்சியம் விலகிப் போயிடும். சிப் தாங்காது."

"உன்ர படிப்பை உன்னோட வச்சிரு" என்றேன். என்ன திமிர் எனக்கு! கரையில் சோதித்தபோது மணி நன்றாகவே அடித்தது.

கடலில் வலை இழுக்கும் மோட்டரைப் போட்டதும் மேல் போர்டின் சிப் கருகியது. பிறகு இயந்திரம் கொதித்தபோது மணி அடிக்கவில்லை; அது இறுகி நின்றுவிட்டது. சம்மாட்டியின் மகன்மார் இருவரும் இரண்டு நாள் படகோடு அலையில் கிடந்தார்கள். அவர் கடைக்கு வந்து, "ஆர் இதைப் பூட்டினது?" என்று கத்தினார்.

"நான்தான் ஐயா" என்றாய் நீ.

அப்போது என் கடை திறந்து மூன்று மாதம்தான். பெயர் கெட்டால் நான் எழும்பமாட்டேன் என்று உனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதன்பிறகு ஒருவரும் உன்னைப் படகில் ஏறவிடவில்லை. மூதூருக்குப் போய் றேடியோவும் மின்விசிறியும் திருத்தினாய். எப்போதாவது சந்தையில் கண்டால், "என்ன மச்சான், சுகமோ?" என்று சிரிப்பாய். ஒருநாளாவது ஏசியிருக்கலாமே, பாவி!

இன்று உள்ளே திரும்பிவந்து சம்மாட்டியிடம் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்குப் பூட்டினது நான் ஐயா. அவன் இன்னொரு வயர் போடச் சொன்னவன். நான்தான் கேக்கேல்ல."

அவர் ஏசவில்லை. மெதுவாகக் கேட்டார்: "பிழை உன்ர எண்டு அவனிட்டச் சொன்னனியோ தம்பி?"

இல்லை மச்சான். அன்றிலிருந்து ஒவ்வொரு படகிலும் அந்த மூன்றாவது வயரைத் தவறாமல் இழுக்கிறேன். மூதூருக்கு பஸ் ஏறி உன் வாசலுக்கு வரத்தான் எனக்குத் துணிவு இருக்கவில்லை.