தையலுக்கு விட்ட கால் இன்ச்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சின்னவளும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் லிஃப்ட் ரிப்பேருக்குக் குழிக்குள் இறங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதைச் சொல்கிறேன். சொல்கிறேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். போன வாரம் தையல் மிஷின் ஊசி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது, பயப்படாதே, நகம் தப்பித்தது. போனில் பேசலாம்தான், ஆனால் நீ லிஃப்டுக்குள் போனால் பாதிப் பேச்சில் அறுந்துபோகிறது. அதோடு போனில் நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதைக் கடிதத்தில்தான் திருத்த வேண்டும். இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதுடி என்றிருக்கிறேன்.

நீ அனுப்பிய கிளைடர் கிட், அந்த எஞ்சின் இல்லாத பொம்மை விமானம், பறந்ததா என்று கேட்டாய், நான் ம் என்றேன். அது பறக்கவில்லை, பறக்கிற நிலைக்கே வரவில்லை. போன முறை லீவில் வந்தபோது, மூன்றாவது மாடித் தையல் அறையில் இவள் இஸ்திரி மேசை ஜன்னல் பக்கமாகவே நிற்கிறாள், எதிர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கிளைடர் விடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சட்டைக் காலரைக் கருக்குகிறாள் என்று கண்டுபிடித்தவன் நீதான். ஊருக்குப் போனதும் அவ்வளவு பெரிய பெட்டியாக அனுப்பி வைத்தாய். பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்தே இவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வழக்கம்போல, பார்க்கலாம், பார்க்கலாம் என்றார். பெட்டிக்குள் பஞ்சு மாதிரி இலேசான மரத்தகடுகள், அவற்றின் மேல் துண்டுகள் கோடு போட்டு நெருக்கி நெருக்கி அச்சடித்திருந்தன, நாமே வெட்டி எடுக்க வேண்டுமாம். வெட்டுவதுதானே, முப்பது வருஷமாக அதைத்தானே செய்கிறேன் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் வினை. கோட்டைப் பார்த்ததும் என் கை தானாகத் தையலுக்கென்று கோட்டுக்கு வெளியே கால் இன்ச் விட்டு வெட்ட ஆரம்பித்தது. துணியில் என்றால் துண்டுக்குத் துண்டு இடம் இருக்கும், இதில் ஒரு துண்டுக்கு விட்ட கால் இன்ச் பக்கத்துத் துண்டின் வயிற்றில் போய் ஏறியது. இவள் என் முழங்கையைத் தொட்டாள். இரண்டு முறை தொட்டாள். நான், சும்மா இருடி, தையலுக்கு விடாம எவளாவது வெட்டுவாளா என்று சொல்லிவிட்டு மேலே வெட்டினேன். அவளும் சும்மா இருந்துவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை தகடும் போயிற்று. வெட்டிய துண்டுகளை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒன்று குண்டாக இருக்கிறது, அடுத்தது ஒரு பக்கம் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கிறது. தப்பு என்று அவளுக்கு முதல் வெட்டிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. நான்தான் அவள் வாயைத் திறக்க விட்டதில்லையே.

உனக்கு ஞாபகம் இருக்கும், வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் இவளுக்குக் குரல் வராது, மற்றவர்கள் சிரிப்பார்கள், இவள் வயிற்று வலி என்று வீட்டில் படுத்துக்கொள்வாள். நான் போய் டீச்சரிடம் பேசிப் பள்ளிக்கூடத்தை விட்டே ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். அவசரப்படாதம்மா, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. அவள் சார்பில் நானே பேசிப் பேசிப் பழகிவிட்டது. கடைக்காரர் கேட்டாலும் நான், டாக்டர் கேட்டாலும் நான். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதத்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து, கெட்டுப்போன துண்டுகளைப் பழைய தலையணை உறையில் போட்டுக்கொண்டு, மார்க்கெட் தெருக் கோடியில் இருக்கும் கிளைடர் கடைக்கு இவளைக் கூட்டிப்போனேன். கடைக்காரர் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேல் ஒரு கண்ணாடி வைத்திருப்பவர், அதனால் நாங்கள் ரெட்டைக் கண்ணாடி என்கிறோம். துண்டுகளைக் கொட்டியதும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏம்மா, எல்லாமே ஒரே மாதிரி கால் இன்ச் தப்பியிருக்கே, சட்டையா தைச்சீங்க என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது முதல்ல செய்யறதுக்கான கிட் இல்லவே இல்ல, வாங்கினவர் படத்தைப் பாத்து வாங்கியிருக்கார், இதைச் செஞ்சு முடிக்கறதுக்குள்ள பழகினவனுக்கே தாடி வளந்துடும் என்றார். படத்தைப் பார்த்து வாங்கினவன் நீதான், கோபப்படாதே. பழகாத கை முதலில் எதை எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். துண்டுகள் வெட்டியே வர வேண்டும். வரைபடம் நிஜ அளவில் இருக்க வேண்டும், அப்போதுதான் அதன் மேலேயே வைத்துக் குண்டூசி குத்தி ஒட்டலாம். இறக்கையின் அடி தட்டையாக இருக்க வேண்டும், மேசையில் படிந்து உட்கார்ந்தால் கோணாது. ரொம்ப அழகாக இருக்கக் கூடாது, ஏனென்றால் முதலாவது கட்டாயம் விழும், விழுந்தால் மனசு உடையாமல் ஒட்டவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, உனக்கு எது வேணும்மா என்று இவளைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா, நான் உங்களைக் கேக்கல என்றார். இவள் தட்டுகளையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு, கீழ்த்தட்டில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் கையால் காட்டினாள். பேசவில்லை, காட்டினாள். அவர், அதைத்தான் நானும் எடுத்திருப்பேன் என்றார்.

அதை இவள் வெட்டு மேசையிலேயே பதினோரு நாளில் செய்தாள். நான் தொடவில்லை, என் கத்தரிக்கோலையும் பூட்டி வைத்தேன். விலா எலும்பு மாதிரி மரத்துண்டுகளை வரிசையாக நிறுத்தி, அதன் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்ட வேண்டும். ஒட்டினதும் தாள் சுருங்கிக் கிடந்தது, நான் அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போனேன், நல்லவேளை இந்த முறை இவள் முழங்கையைத் தொடவில்லை, பிளக்கையே பிடுங்கிவிட்டாள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துப் புகை மாதிரித் தெளித்தாள். காய்ந்ததும் தாள் விறைப்பாக நின்றது, விரலால் சுண்டினால் டிம் என்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருமுன் மூவரும் மைதானத்துக்குப் போனோம். முதல் தடவை மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய் அப்படியே உட்கார்ந்தது. மூக்கில் எடைக்குக் கொஞ்சம் களிமண் ஒட்டினாள். இரண்டாவது தடவையும் விழுந்தது, இன்னும் கொஞ்சம் ஒட்டினாள். மூன்றாவது தடவை கையிலிருந்து போனது போனதுதான், சத்தமே இல்லாமல், கோல் கம்பத்தையும் தாண்டி, புல்லில் பூனை இறங்குகிற மாதிரி இறங்கியது. அப்பா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொன்னவர் பார்த்துவிட்டார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ அனுப்பியது தப்பான பெட்டி, ஆனால் ஜன்னல் பக்கம் நின்றவளைச் சரியாகப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். பெற்றவள் பிள்ளைக்கு நன்றி சொல்வதா என்று நினைக்காதே. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயம் இதுதான். ரெட்டைக் கண்ணாடிக்காரர் அந்த இறக்கையைப் பார்த்துவிட்டு, எனக்கே இப்படிச் சுருக்கமில்லாம ஒட்ட வராது, சனிக்கிழமை மத்தியானம் வந்து கடையில இரு, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குக் கிட் எடுத்துக் குடு, தாள் ஒட்டக் காட்டிக்குடு என்று இவளைக் கூப்பிட்டிருக்கிறார். சம்பளமும் உண்டு. இரண்டு வாரம் ஆயிற்று, இவள் பதில் சொல்லவில்லை. இந்த வெள்ளிக்கிழமை வரைதான் காத்திருப்பேன், அப்புறம் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்கிறார். வருவாள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லிவிட்டால் முடிந்தது, தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் நூல் வாங்கப் போகிறேன். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன். இவள் சொன்னால்தான் உண்டு. நீயும் போனில் இவளை நச்சரிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். மேலே ஆள் நிற்காமல் குழிக்குள் இறங்காதே, எத்தனை அவசரம் என்றாலும். லீவு எப்போது என்று முன்கூட்டி எழுது. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய், உன் கை வேலை உன்னைக் கைவிடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
(அப்பாவும் பக்கத்தில் இருக்கிறார், பார்க்கலாம் என்கிறார்)

அண்ணா, இது நான். அம்மா கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அனுப்பினாள், இன்று வெள்ளிக்கிழமை. வழியில் கடைக்குள் போனேன். ரெட்டைக் கண்ணாடிக்காரர் உள்ளே ஏணி மேல் நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு, முதல் தடவையாகச் செய்யப்போகிறாராம், நீ எனக்கு அனுப்பிய அதே பெரிய பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். முழங்கையைத் தொட்டு நிறுத்தலாமென்றால் எட்டவில்லை. அண்ணே, அது வேணாம் என்று சொல்லிவிட்டேன். ஏம்மா என்றார். நான் அதை வெட்டிக் கெடுத்தவ என்றேன். பிறகு கீழ்த்தட்டிலிருந்து சின்னதை எடுத்துக் கொடுத்து, துண்டு வெட்டியே வரும், அடி தட்டை, விழுந்தா ஒட்டிக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குரல் சின்னதாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் குனிந்து கேட்டுக்கொண்டார். அவர் போனதும், நாளைக்கு மத்தியானம் வரேன் என்று ஏணியைப் பார்த்துச் சொன்னேன். கடையின் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கொள்கிறேன்.