பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

என் பிரியமுள்ள சரசு அக்காவுக்கு,

ஹட்டனில் இன்றும் மழைதான். உங்கள் தையல் கடைக்கும் என் வளையல் கடைக்கும் நடுவே, கீழிருந்து மாடி வரை போகிற அந்தப் பலகைச் சுவர் இன்னும் நிற்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகன் குமார் கொழும்பிலிருந்து வந்தான். "எல்லாம் பழைய மரம் சித்தி. இடிச்சிட்டு கொங்கிறீட்டுல கட்டப்போறேன்" என்றான். இடம் அவனுடையது, நான் என்ன சொல்ல? ஆனால் விடிந்ததும் மாடியில் அந்தச் சுவரைத் தட்டுவீர்களே. தனியாகக் கிடக்கிறவளுக்கு ஏதும் ஆனால் யாருக்குத் தெரியும் என்று நீங்கள் தொடங்கிய பழக்கம். நான் பதில் குரல் கொடுக்கிற அந்தச் சுவரையா இடிப்பது?

பொறுக்க முடியாமல் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அதிகாரிகளிடம் சொன்னேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறவர்கள் வந்தார்கள். இரண்டு கடையும் ஒரே மரச்சட்டத்தில் நிற்கின்றன, ஒன்றைப் பிரித்தால் மற்றதும் சாயும் என்றார் வந்த அதிகாரியம்மா, அந்த நோனா. வெள்ளைக்காரன் காலத்து மரக்கட்டடம் பஜாரில் இது ஒன்றுதான் மிச்சமாம். பாதுகாக்கலாம், ஆனால் குமாரும் சம்மதிக்க வேண்டுமாம். அவனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். உங்கள் பிடிவாதம் வேறு எங்கே போகும்?

மரம் உளுத்திருக்கிறதா என்று பார்க்க, நோனா குமாரோடு உங்கள் பக்கத்தில் நின்று சுவரைத் தட்டினார். நான் இங்கே வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாய் தானாகக் கத்திவிட்டது.

"எந்திரிச்சிட்டேன்க்கா!"

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் குமார் என் வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"சின்னப் புள்ளையில தெனம் இந்தச் சத்தத்துலதான் முழிப்பேன் சித்தி. இருந்துட்டுப் போகட்டும்."

சம்மதம் கொடுத்துவிட்டு, சாவியை என் கையில் வைத்துவிட்டு கொழும்புக்கே போய்விட்டான்.

சுவர் தப்பிவிட்டது அக்கா. ஆனால் விடிந்தால் சத்தமில்லை. விழித்துக்கொண்டு சும்மா படுத்துக் கிடக்கிறேன். எழுந்துவிட்டேன் என்று யாரிடம் சொல்வது?

பூட்டியே கிடந்தால் மரம் கெட்டுவிடும் என்றார் நோனா. தினமும் உங்கள் பக்கத்தைத் திறந்து காற்றாட விடுவேன், பெருக்குவேன், சாமி படத்துக்கு விளக்கு வைப்பேன். இது சத்தியம். சுவரை மட்டும் தட்டமாட்டேன். அங்கிருந்து நான் தட்டினால், இங்கே பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

பலகைக்கு இந்தப் பக்கமிருந்து,
உங்கள் தங்கச்சி
மல்லிகா