‘நீங்கள்’ என்று பாடிய பாட்டு

லிமோஜ்,
12 அக்டோபர் 1961

அன்புள்ள பெர்னான்,

நான் நலம். உங்கள் நலத்தை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். பாரிஸில் குளிர் தொடங்கியிருக்கும்; கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, கோபம் குறையவில்லை. கூரைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஆள் வருகிறேன் என்கிறானே ஒழிய வந்தபாடில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் குழாயைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ‘லிமோஜ்’ பாட்டை ஒலிபரப்பினார்கள், போன வாரம் பாரிஸ் அரங்கில் நீங்கள் பாடியது. நம் ரயில் நிலையத்தில் மழையில் நிற்கும் பெண்ணிடம், “நீங்கள் குடையை மறந்துவிட்டீர்கள்” என்று பாடுவீர்களே, அந்த இடத்துக்காக அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். “நீ மறந்துவிட்டாய்” என்று பாடினீர்கள்.

கறிக்கடை ஜினெத், ஊர் மேயரையே ‘நீ’ என்று கூப்பிடுகிறவள். மறுநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, “கடைசியில உன் புருஷனுக்குக் கூச்சம் விட்டுப்போச்சுடி. இத்தனை வருஷம் கழிச்சு உன்னை ‘நீ’ங்கிறாரு, அதுவும் நாட்டுக்கே கேக்கற மாதிரி” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்கிய கறியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு என்ன தெரியும்? முதல்நாள் ஸ்டேஷனில் குடையில்லாமல் நின்ற என்னிடம் பேசிய மாதிரியே கடைசிவரை பேசுவோம் என்று சொன்னவர் நீங்கள். ஊரில் எல்லாத் தம்பதிகளும் ‘நீ’, நாம் மட்டும் ‘நீங்கள்’. சண்டையில்கூட “உங்களுக்கு மூளை இருக்கிறதா” என்றுதான். படுக்கையிலும் அப்படித்தான். என்னை நீங்கள் ஒருநாளும் ‘நீ’ என்றதில்லை. அப்படியென்றால் இப்போது குடையை மறந்தவள் யார்?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்பி போட்டுக் குடிக்காமல் கொட்டுகிறேன். காரணமில்லாமல் ஸ்டேஷனுக்குப் போய், பாரிஸ் வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டு வருகிறேன். மெட்டுக்கு அந்தச் சொல் பொருந்தியது என்று உங்களுக்கு எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்.

சகல புனிதர் திருநாளுக்கு அப்பாவின் கல்லறையில் சாமந்தி வைக்க நீங்கள் வருவீர்கள் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். நான் ஸ்டேஷனுக்கு வருவேன். இறங்கியதும் என் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள், போதும். அதில் ‘நீங்கள்’ இருந்தால் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். ‘நீ’ இருந்தால், அம்மாவைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கே போய்விடுங்கள்.

கடவுள் உங்கள் குரலைக் காக்கட்டும்.

வேறொரு தாளில் ‘பெர்னான், நீ வந்துவிடு’ என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. நீங்கள் வந்துவிடுங்கள்.

உங்கள்
சொலாஞ்ஜ்